எங்களை எந்தக் கணக்கில் எழுதினீர்கள்?

2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு எங்கள் குடிசைக்குள் புகுந்தது. சேறு காய்வதற்குள் அதிகாரிகள் வந்துவிட்டார்கள். ஆற்றோரம் ஆபத்து, உங்கள் உயிருக்காகத்தான் சொல்கிறோம் என்றார்கள். கதவில் நம்பர் போட்டு, கையில் டோக்கன் கொடுத்து, தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏற்றினார்கள். படிப்பு நடுவில் நிற்கிறதே என்று அழுத பிள்ளைகளையும் சேர்த்துத்தான் ஏற்றினார்கள்.

இறக்கிவிட்ட இடம் பெரும்பாக்கம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கி மழைநீர் ஓடிவரும் பள்ளமான பூமி. அதே டிசம்பரில் அங்கேயும் வெள்ளம் நின்றிருந்தது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, வெள்ளம் நிற்கும் இடத்துக்கா கொண்டுபோவீர்கள்? ஆற்றைப் பார்ப்பவரும் வீடு கட்டுபவரும் ஒருவரோடு ஒருவர் பேசவே மாட்டீர்களா, ஐயா?

ஆற்றை மறித்தவர்கள் நாங்கள் மட்டுமா? மீனம்பாக்கத்தில் விமான ஓடுதளத்தின் ஒரு பகுதியே அடையாற்றின் மேல் கிடக்கிறது. அதற்கு யாரும் நம்பர் போடவில்லை. ஓலையும் தார்ப்பாயும் மட்டும்தான் உங்கள் கண்ணில் பட்டன.

நாங்கள் போனபோது பெரும்பாக்கம் ஒரு கிராம ஊராட்சி. சென்னை எல்லைக்கு வெளியே, வேறு மாவட்டம். எட்டு மாடிக் கட்டடங்களை வரிசையாக எழுப்பி, நகரத்து ஏழைகளை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து கொட்டினால் ஒரு ஊராட்சி என்ன செய்யும்? குப்பை அள்ளச் சொன்னால், வீடு கட்டியவர்களிடம் போங்கள் என்பார்கள். அவர்களிடம் போனால், ஊராட்சியில் கேளுங்கள் என்பார்கள். லிஃப்ட் நின்ற நாளில் வயிற்றுப்பிள்ளைக்காரி குடத்தோடு மாடி ஏறினாள். அவளுக்குப் பதில் சொல்ல ஒரு ஆபீஸ் இல்லை. ரேஷன் கார்டு பழைய முகவரியில், ஓட்டு பழைய வார்டில், உடம்பு மட்டும் இங்கே.

2016 அக்டோபரில் ஈக்வடார் நாட்டின் கீட்டோ நகரில் ஐ.நா. மாநாடு கூடியது. நகர வளர்ச்சியில் எவரையும் விட்டுவிடக் கூடாது, வலுக்கட்டாயமாக வெளியேற்றக் கூடாது, அரசும் உள்ளாட்சியும் கைகோத்து நடக்க வேண்டும் என்று உலக நாடுகள் அங்கே ஒப்புக்கொண்டன. இதைப் பிற்பாடு படித்தபோது வயிறு எரிந்தது. அதே மாதம்தான் சென்னையில் மேயர், கவுன்சிலர்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் வந்தது. பெரும்பாக்கம் சேர்ந்த செங்கல்பட்டு மாவட்டத்தின் ஊராட்சிகளுக்கோ 2021 அக்டோபர்வரை தேர்தல் இல்லை. விட்டுவந்த ஊரிலும் கவுன்சிலர் இல்லை, வந்துசேர்ந்த ஊரிலும் தலைவர் இல்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகரத் திட்டமிடலையும் குடிசைப்பகுதி மேம்பாட்டையும் நகராட்சிகளிடம் ஒப்படைக்கலாம் என்று பட்டியலே போட்டிருக்கிறது. ஒப்படைத்தீர்களா? ஒப்படைக்கவும் இல்லை, நீங்களே முழுசாகச் செய்யவும் இல்லை.

வீட்டு வேலைக்குப் போன பெண்களைத்தான் இந்த இடமாற்றம் சாய்த்துவிட்டது. முன்பெல்லாம் நடந்தே போய், விடியற்காலையில் பாத்திரம் தேய்த்துவிட்டு, பிள்ளை எழுவதற்குள் திரும்புவோம். இங்கிருந்து பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்வதற்குள் அந்த வீட்டில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். இத்தனை ஆயிரம் பேர் குடிவருகிறார்கள், பஸ் கூட்டுங்கள் என்று யாராவது முன்கூட்டியே ஒரு கடிதம் போட்டிருந்தால் எத்தனை அடுப்பு அணையாமல் இருந்திருக்கும்! 2021-ல் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது நல்லதுதான், மறுக்கவில்லை. அதற்குள் வேலை போனவளுக்கு அந்த வருஷங்களை யார் திருப்பித் தருவார்கள்?

இன்னொரு கரையைக் காலி செய்யும் முன் அந்தக் கரையிலேயே வந்து கூடுங்கள். ஏரி மதகைத் திறப்பவர், வீடு கட்டுபவர், பஸ் விடுபவர், பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பானவர், கவுன்சிலர், போகப்போகும் ஊரின் தலைவர் எல்லாரும் ஒரே நாளில் வாருங்கள். எங்கள் பெண்களும் உட்காருவார்கள். எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில் எந்தத் தேதியில் சேரும், எந்த மழைக்கு எந்த வழியில் தண்ணீர் வெளியேறும் என்று எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அதுவரை லாரியை அனுப்பாதீர்கள்.