பெண்பிள்ளைகளின் சித்திரக்கதையும் பெரியவர்களின் வசிய மையும்

சென்ற மாதம் கண்டி நகரில் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மகளின் புத்தகப் பையிலிருந்து பறித்தெடுத்த மூன்று புத்தகங்களை மேசையில் வைத்தார். ஜப்பானியச் சித்திரக்கதைகள், ஆங்கில மொழிபெயர்ப்பில். "அண்ணே, இதைப் பற்றிப் பேப்பரிலே நல்லா எழுதணும். பதினைந்து வயதுப் பிள்ளை. சாதாரண தரப் பரீட்சை வருது. இதிலே ஒருத்திக்கு மற்றவன் மனசிலே இருக்கிறது கேட்குமாம். இன்னொருத்தன் ஆட்களின் ஞாபகத்தையே அழிச்சிடுவானாம். நடுவிலே காதல் வேற" என்றார்.

எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுதியது இதுதான். அவர் கேட்ட கட்டுரை இது அல்ல.

முதலில் அந்தப் புத்தகத்தை அறிமுகம் செய்துவிட வேண்டும். பெயர் 'புரூட்ஸ் பாஸ்கெட்'. எழுதி வரைந்தவர் நாட்சுகி தகாயா என்ற பெண்மணி. 'ஹனா தோ யுமே', அதாவது 'பூக்களும் கனவும்' என்ற சஞ்சிகையில் 1998 முதல் 2006 வரை தொடராக வந்து, 23 பாகங்களாக நூலுருப் பெற்றது. 2001இல் கொடான்ஷா மங்கா விருது பெற்றது. ஜப்பானில் இவ்வகைக்கு 'ஷோஜோ மங்கா' என்று பெயர். வளரிளம் பெண்களுக்கான சித்திரக்கதை என்று பொருள் கொள்ளலாம். பெற்றோரை இழந்து கூடாரத்தில் வாழும் தோரு என்ற பாடசாலை மாணவி, சோமா என்ற குடும்பத்தாரின் வீட்டில் தங்க நேர்கிறது. அக்குடும்பத்தில் சிலருக்கு ஒரு சாபம். எதிர்ப்பாலார் தழுவினால் விலங்காக மாறிவிடுவார்கள். ஒருவன் எலி, ஒருவன் பூனை, இப்படி. நண்பர் பயந்த 'காதல்' இதுதான். கட்டிப்பிடித்த கணத்திலேயே பையன் எலியாகிவிடும் கதையில் அப்படி என்ன ஆபாசத்தைத் தேடிக் கண்டுபிடித்தார் என்பது எனக்கு விளங்கவில்லை. நமது ஞாயிற்றுக்கிழமைத் தொலைக்காட்சித் திரைப்படத்தின் ஒரு பாடற்காட்சியில் இருப்பதில் நூறில் ஒரு பங்கு கூட அந்த 23 பாகங்களிலும் இல்லை.

மற்றவர் மனம் கேட்கும் பெண் என்று அவர் சொன்னது தோருவின் தோழி ஹனாஜிமாவை. சிறு வயது முதல் பிறர் எண்ணங்கள் அலைகளாக வந்து அவள் காதில் மோதுகின்றன. அவற்றை நிறுத்த அவளுக்குத் தெரியாது. வகுப்புப் பையன்கள் அவளைச் சூனியக்காரி என்று வதைக்கிறார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன் செத்துப்போகட்டும் என்று நினைக்கிறாள். அவன் மயங்கி விழுகிறான். பிழைத்துவிடுகிறான். ஆனால் அவள் தன்னை மன்னிக்கவில்லை. அன்று முதல் குற்றவாளியின் அடையாளமாகக் கறுப்பு உடுக்கிறாள், நகத்திற்கும் கறுப்புப் பூசுகிறாள். பிறகு பாடசாலை மாறி வந்த இடத்தில், இவளுடைய சக்தியை அறிந்தும் ஒதுங்காத இரண்டு தோழிகள் கிடைக்கிறார்கள்.

ஞாபகத்தை அழிப்பவன் ஹாதோரி என்ற வைத்தியன். அந்த வித்தை அவனது குடும்பச் சொத்து. அவன் கானா என்ற பெண்ணைக் காதலிக்கிறான். குடும்பத் தலைமையின் கோபத்தில் அவனது ஒரு கண் பழுதாகிறது. அது தன்னால்தான் நேர்ந்தது என்ற குற்ற உணர்வில் அந்தப் பெண் நோயுற்று நலிகிறாள். அவளைக் காப்பாற்ற வேறு வழியின்றி, தன்னைக் காதலித்த நினைவு முழுவதையும் அவனே அவள் மனத்திலிருந்து அழித்துவிடுகிறான். அவள் குணமாகி வேறொருவனை மணக்கிறாள். வழியில் கண்டால் பழகிய வைத்தியர் என்ற அளவில் சிரித்துப் பேசுகிறாள். ஒருவர் மனத்துக்குள் நுழைந்து மாற்றும் ஆற்றல் கையில் இருப்பவன் அடைகிற ஆகப் பெரிய துயரமாக அந்த ஆற்றலையே காட்டுகிறது கதை.

இப்பொழுது நம்முடைய பத்திரிகைகளை எடுங்கள். எந்தப் பத்திரிகை என்று நான் சொல்லப் போவதில்லை, வாசகர்கள் தாமாகவே ஒன்றை விரித்துக்கொள்ளலாம். வரி விளம்பரப் பக்கத்தில் என்ன இருக்கிறது? விரும்பியவரை வசியப்படுத்தல். பிரிந்தவரை மூன்று நாளில் காலடிக்கு வரவழைத்தல். கணவனை, மனைவியை, மாமியாரை, மேலதிகாரியைக் கட்டுப்படுத்தல். இரகசியம் காக்கப்படும், வெளிநாட்டிலிருந்தும் தொடர்பு கொள்ளலாம். சிங்களப் பத்திரிகைகளும் இதில் நமக்குக் குறைந்தவையல்ல. அங்கே அது 'இனா' மருந்து என்ற பெயரில் நடக்கிறது. இன ஒற்றுமை முழுமையாக நிலவும் துறை இந்நாட்டில் இது ஒன்றுதான் போலும்.

வசியம் என்பதன் பொருளைச் சற்று நின்று யோசித்தோமா? இன்னொரு மனிதப் பிறவியின் விருப்பத்தை, அவளது சம்மதம் இன்றி, அவளுக்கே தெரியாமல் பறித்தெடுப்பதற்கு வசியம் என்று பெயர். அது உண்மையில் பலிக்காது என்பது வேறு விடயம். பலிக்க வேண்டும் என்று ஒருவன் பணம் கட்டுகிறானே, அந்த ஆசையின் தன்மையைச் சொல்கிறேன். தன்னை மறுத்த பெண்ணின் மனத்தைக் கட்டிப்போட மை வாங்குகிறவனின் விளம்பரம் வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் மகளிடமிருந்து பறிப்பதில்லை. மனத்தைத் தொடுவதற்கே தயங்கும் ஹாதோரியின் கதை மட்டும் புத்தகப் பையிலிருந்து பறிமுதலாகிறது.

'இதெல்லாம் நம் பண்பாட்டில் இல்லாதது' என்றும் நண்பர் சொன்னார். இல்லையா? காட்டில் கொங்கணவர் பார்வையால் எரித்த கொக்கின் கதையை வீட்டுக்குள் இருந்தபடியே அறிந்து, தாமதமாகப் பிச்சையிட வந்த வாசுகி அம்மையார் அவரைக் கேட்ட கேள்வியைப் பழமொழியாகவே வைத்திருக்கிறோம். பிறர் மனம் அறியும் பெண் நமக்குப் புதியவளே அல்ல. மதுரையை எரித்த கண்ணகிக்குக் கண்டியிலேயே கோவில் இருக்கிறது. தலதா மாளிகைக்கு அருகே பத்தினி தேவாலயம். ஆண்டுதோறும் பெரஹராவில் அவளுக்கும் ஊர்வலம் உண்டு. ஆனால் வேறுபாட்டைக் கவனியுங்கள். வாசுகிக்குச் சக்தி வந்தது கணவன் பணிவிடையால். கண்ணகிக்கு வந்தது கற்பால். ஆணுக்கோ தவத்தால் அட்டமா சித்தி. ஒரு பெண்பிள்ளைக்கு ஒரு நற்சான்றிதழும் இல்லாமல், யாருக்கும் மனைவியாகாமல், சும்மா பிறப்பிலேயே ஒரு விசித்திர ஆற்றல் இருக்கலாம், அது அவளுக்குச் சுமையாகவும் இருக்கலாம், அப்படியிருந்தும் அவளுக்குத் தோழிகள் கிடைக்கலாம் என்ற கதையை நாம் அவளுக்குச் சொன்னதில்லை. எங்கள் தலைமுறைக்கு அம்புலிமாமா இருந்தது. 1972இல் முத்து காமிக்ஸ் வந்தது, இரும்புக்கை மாயாவி வந்தான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரியும் அந்த மாயாவிக்காகத் தபாற்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல காலம் அது. எல்லாமே பையன்களின் கதை. அக்காமாரும் தங்கைமாரும் எங்களிடம் இரவல் வாங்கித்தான் படித்தார்கள்.

ஜப்பானிலும் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளின் சித்திரக்கதையைப் பெரும்பாலும் ஆண்களே வரைந்தார்கள். 1949ஐ அண்டிப் பிறந்த மோட்டோ ஹாகியோ, கெய்க்கோ தகெமியா போன்ற பெண்கள் 1970களில் அதைத் தம் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஹாகியோ 1978இல் தொடங்கிய 'ஸ்டார் ரெட்' செவ்வாய்க் கிரகத்து அதீத சக்தி கொண்ட பெண்ணின் கதை. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1974இல், கரண்டி வளைக்கும் யூரி கெல்லர் ஜப்பானுக்குப் போய்த் தொலைக்காட்சியில் தோன்ற, நாடெங்கும் பிள்ளைகள் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த மாயாஜாலப் பரபரப்பைப் பெண் எழுத்தாளர்கள் வேறு திசைக்குத் திருப்பினார்கள். கரண்டியை விட்டுவிட்டு, மனம் கேட்கும் பிள்ளையின் தனிமையை வரைந்தார்கள்.

இனி, எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். 'பிள்ளைகள் இதை உண்மை என்று நம்பிவிட்டால்?' இது பொய்யான அச்சம் அல்ல. சாக்கி ஹிவாத்தாரி என்பவரின் சித்திரக்கதை ஒன்று, 'என் பூமியைக் காப்பாற்றுங்கள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம், 1980களின் இறுதியில் ஜப்பானில் பெரும் வரவேற்புப் பெற்றது. தாவரங்களின் உணர்வை அறியும் ஆலிஸ் என்ற மாணவியும் வேறு சிலரும், தாம் முற்பிறவியில் நிலவிலிருந்து பூமியை நோக்கிக்கொண்டிருந்த வேற்றுலக ஆய்வாளர்கள் என்று கனவுகளின் வழி அறிகிறார்கள். வாசகர் சிலர் தமக்கும் அந்த நினைவு இருப்பதாக எழுதத் தொடங்கினார்கள். ஹிவாத்தாரி என்ன செய்தார்? தமது நூலிலேயே குறிப்பு எழுதினார். இது முழுக்க முழுக்கக் கற்பனை, என் தலைக்குள் உருவானது, நம்பாதீர்கள் என்ற பொருளில். விற்பனை குறையுமே என்று யோசிக்கவில்லை.

முற்பிறவி விடயத்தில் நமக்கும் அனுபவம் உண்டு. கொத்மலைப் பக்கத்து ஹெதுனவெவையில் ஒரு சிறுமி, தான் முன்பு தலவாக்கலையில் வாழ்ந்து இறந்த பையன் என்று சொன்னாள். துறவிகள் வந்தார்கள், விரிவுரையாளர் வந்தார்கள், 1961இல் அமெரிக்காவிலிருந்து பேராசிரியர் இயன் ஸ்டீவன்சனே வந்தார். 1966இல் வெளியான அவரது நூலின் இருபது விவரங்களுள் அவளும் ஒன்றானாள். அந்தப் பிள்ளை சொன்னது எவ்வளவு சரி என்று அனைவரும் சோதித்தார்கள். ஹனாஜிமாவின் கதை கேட்கும் கேள்வி வேறு. அப்படிப்பட்ட பிள்ளை பாடசாலை இடைவேளையில் யாருடன் உட்கார்ந்து சாப்பிடுவாள் என்று அது கேட்கிறது.

பகுத்தறிவாளர்களும் சண்டைக்கு வரக்கூடும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்து இலங்கையில் தங்கிவிட்ட டாக்டர் ஆபிரகாம் கோவூர், அதீத சக்தியை மோசடி இல்லாமல் நிரூபிப்பவருக்கு ஒரு இலட்சம் ரூபா என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் மறையும்வரை எவரும் அதை வென்றெடுக்கவில்லை. நான் அவர் பக்கம். ஆனால் கோவூர் சவால் விட்டது சக்தி உண்டு என்று சொல்லிக் காசு வாங்கியவர்களை நோக்கி. கற்பனை என்று தன் முகத்திலேயே எழுதி ஒட்டிக்கொண்டு வரும் கதையை நோக்கி அல்ல.

உண்மை என்று சொல்லிக்கொண்டு வந்தவை நமக்கு என்ன செய்தன? 2020 டிசம்பரில், கண்டி வீதியில் இங்கிருந்து அதிக தூரமில்லாத கேகாலையில், காளி அம்மன் அருளிய மருந்து என்று சொல்லிக் கொரோனாவுக்குப் பாணி கொடுத்தார் ஒருவர். ஊரடங்குகளைக் கண்டிருந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் சனம் நெருக்கியடித்தது. அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அதை வெளிப்படையாகவே அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியானது. 2015 ஜனவரி 8இல் நடந்த ஜனாதிபதித் தேர்தலின் நாளைக் குறித்துக் கொடுத்ததில் ஒரு சோதிடருக்கும் பங்கு இருந்தது. இரண்டு ஆண்டுக் காலம் மீதமிருக்கத் தேர்தலுக்குப் போன மஹிந்த ராஜபக்ஷ தோற்றார். (அந்த ஒரு முறை மட்டும் நாட்டுக்குச் சோதிடம் நன்மை செய்தது என்பாரும் உளர்.) பாணி குடித்தவர்களும் நேரம் பார்த்தவர்களும் சித்திரக்கதை படித்துக் கெட்டவர்கள் அல்லர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தாச்சிபானா ஹிகுச்சி என்பவரின் 'ககுயென் ஆலிஸ்' 2002 முதல் 2013 வரை வந்தது. விசேட சக்தியுள்ள பிள்ளைகளுக்கான பாடசாலையின் கதை. அட்டையைப் பார்த்தால் இனிப்புக் கடை போல இருக்கும். உள்ளே, நெருப்பை எழுப்பும் நட்சுமே என்ற சிறுவனை நிர்வாகம் இரகசிய வேலைகளுக்கு அனுப்புகிறது. சக்தியைப் பயன்படுத்தப் பயன்படுத்த அவனது ஆயுள் குறைகிறது. அவனும் மிக்கானும் கொள்ளும் மென்மையான அன்பு இந்த நிழலில்தான் வளர்கிறது. விடுதலைப் புலிகளும் பின்னர் கருணா குழுவும் சிறுவர்களைச் சேர்த்ததை ஐ.நா. அறிக்கைகளில் படித்த, அதற்கு முன்பே வீட்டு வாசலில் கண்ட ஒரு சமூகம், இக்கதையை வெறும் விளையாட்டு என்று தள்ளுவதற்கு எந்த அருகதையும் உடையதல்ல.

ஆகவே நண்பர் அவர்களுக்கும், அவரைப் போல ஆத்திரப்படும் ஆசிரியர்களுக்கும் சொல்கிறேன். பரீட்சை முடியும்வரை புத்தகத்தை அலுமாரியில் வைக்கச் சொல்லுங்கள், அது வீட்டு ஒழுங்கு, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒழுக்கக்கேடு என்ற முத்திரையைக் குத்தாதீர்கள். முடிந்தால் ஒரு பாகத்தை நீங்களே வலமிருந்து இடமாகப் படித்துப் பாருங்கள். கண்டிப் பொது நூலகமும் இப்புத்தகங்களுக்கு ஒரு தட்டு ஒதுக்கலாம். தமிழ்ப் பதிப்பாளர்கள் மொழிபெயர்க்கலாம். பேய்க்கதைக்கும் துப்பறியும் கதைக்கும் செலவழித்த காகிதத்தில் ஒரு பங்கு போதும்.

பத்திரிகை ஆசிரியர்களிடம், அவர்களில் பலர் எனக்கு நெடுநாள் நண்பர்கள், ஒரேயொரு கோரிக்கை. ஹிவாத்தாரி தமது வாசகிகளுக்கு எழுதியது போல, ராசிபலன் பக்கத்தின் அடியில் 'இது கற்பனை' என்று ஒரு வரி போடுங்கள். இடமில்லை என்று சொல்லாதீர்கள். வசிய மை விளம்பரத்தில் ஒன்றைத் தூக்கினால் இடம் தாராளமாகக் கிடைக்கும்.