பிடிலுக்கு மேடை, கிளாரினெட்டுக்கு வாசற்படியா?

ஆவூர்த் திருவிழாவுக்குப் பாண்டு வாசிக்க வந்த பையன் ஒருவன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கிளாரினெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். எதிரே இருந்த கனவான் சிரித்தார்: "இது வெள்ளைக்காரன் குழலப்பா! ஊர்வலத்துக்குச் சரி. கர்நாடக சங்கீதம் இதில் எங்கேயிருந்து வரும்?" பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் சொல்லாத பதிலை நாம் சொல்லுவோம்.

ஐயா கனவானே, பிடில் எந்த ஊரில் முளைத்தது? மயிலாப்பூரிலா? அதுவும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வாத்தியந்தான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடமே அதைக் கற்றார். இன்று பிடில் இல்லாமல் பாட்டுக் கச்சேரி உண்டா? கிளாரினெட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். 19ஆம் நூற்றாண்டிலேயே தஞ்சாவூர்ச் சதிரில் நட்டுவனாருக்குப் பக்கத்தில் அது ஒலித்தது. ஆனால் சதிருக்குப் பரதநாட்டியம் என்று பெயர் மாறி, அது சபா மேடை ஏறியபோது கிளாரினெட் கீழே இறக்கப்பட்டது. அந்த இடத்தில் புல்லாங்குழல் வந்து உட்கார்ந்தது. பிடிலும் கிளாரினெட்டும் சீமைச் சரக்குத்தான். பிறகு ஏன் ஒன்றுக்கு ஜமக்காளம், மற்றொன்றுக்குத் தெரு? வாத்தியத்தைப் பார்த்தா இந்தத் தீர்ப்பு? வாசிக்கிறவன் யார் என்று பார்த்துச் சொன்ன தீர்ப்பு ஐயா இது!

இந்தத் தீர்ப்பை ஊதியே கிழித்தவர் திருச்சி ஏ. கே. சி. நடராஜன். 1931இல் பிறந்தவர். தகப்பனாரும் கிளாரினெட் வாசித்தவர். வாய்ப்பாட்டை ஆலத்தூர் வெங்கடேச ஐயரிடம் கற்றார். நாதஸ்வரம் கற்றது யாரிடம் தெரியுமா? நம் பக்கத்து இலுப்பூர் நடேச பிள்ளையிடம்! கனவானுக்கு இலுப்பூருக்குப் பஸ் போவது தெரியும், இது தெரியாது.

வேலை எளிதா? கிளாரினெட்டில் சாவிகள் உண்டு. சாவியை அழுத்தினால் அந்த ஸ்வரம் வெட்டினாற்போல் நிற்கும். நம் ராகமோ ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போக வேண்டும், அசைய வேண்டும். அதை உதட்டாலும் மூச்சாலும் விரலாலும் வரவழைக்க வேண்டும். தறியில் நிற்கிறவனுக்கும் நாற்று நடுகிறவளுக்கும் இது புரியும்: கருவி இணங்காதபோது உடம்புதான் ஈடு கொடுக்கிறது. நடராஜன் நாதஸ்வரத்தின் பாணியைக் கிளாரினெட்டுக்குள் கொண்டுவந்தார், தவிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கச்சேரி செய்தார். வானொலியிலும் சம்பளத்துக்கு வாசித்தார்.

அவருக்குக் "கிளாரினெட் எவரெஸ்ட்" என்று பட்டம் சூட்டியவர் யார்? திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை! நாதஸ்வரக்காரன் சட்டை போடக்கூடாது, நின்றுகொண்டே ஊத வேண்டும் என்றிருந்த காலத்தில் கோட்டு மாட்டி, கிராப்பு வைத்து, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்றவர் அவர். அவமானம் இன்னதென்று அறிந்தவர் வாயிலிருந்து வந்த பட்டம் அது. அவர் 1956இல் மறைந்தார். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைக்கவேயில்லை. நடராஜனுக்கு 2008இல் கிடைத்தது. அப்போது வயது 77! பத்மஸ்ரீ வந்தது 2022இல். மூச்சை நம்பிப் பிழைக்கிறவனுக்கு மரியாதை தர 77 வயது வரை காத்திருக்கச் சொன்னது எந்த ஊர் நியாயம்?

வெளியூரிலும் இதே கதைதான். பிரேசில் நாட்டில் பிக்ஸிங்கின்யா என்று ஒரு கலைஞர். 1897இல் பிறந்த கறுப்பினத்தவர். புல்லாங்குழலும் பின்னாளில் சாக்ஸபோனும் வாசித்து, அந்நாட்டு ஷோரோ இசையைச் செழிக்க வைத்தவர். 1922இல் அவரும் தோழர்களும் பாரிசுக்குப் போனபோது, "கறுப்பர்களா நம் நாட்டைப் பிரதிநிதித்துவப்படுத்துவது?" என்று அங்குள்ள கனவான்கள் பத்திரிகையில் கூச்சலிட்டார்கள். ஆவூர் டீக்கடைக்கும் ரியோ நகரத்துக்கும் எவ்வளவு தூரம்! பேச்சு மட்டும் ஒன்றாயிருக்கிறது.

"அவர் மேதை ஐயா, இவன் பாண்டுக்காரப் பயல்" என்பார் கனவான். மேதை வானத்திலிருந்தா குதித்தார்? தகப்பன் மடியில் கற்று, கல்யாண வீட்டில் ஊதி, கால் கடுக்க நின்ற கூட்டத்திலிருந்துதானே வந்தார்! அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் விடிந்ததும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விடிய விடிய வாசித்த கூலியைக் கேட்டுப் பையன்கள் திண்ணையில் காத்திருக்கிறார்கள். "சாயந்தரம் வந்து வாங்கிக்கோ" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது. சங்கீதத்தின் தூய்மையைப் பற்றிக் கவலைப்பட்ட அதே குரல்!