தறியூரும் பொலித்தீன் பையும்

"பிளாஸ்டிக்கைக் குறையுங்கள்" என்னும் உபதேசம் இன்று எத்திசையிலும் ஒலிக்கிறது. பாடசாலைச் சுவர்களில் அது எழுதப்படுகிறது, மேடைகளில் முழங்கப்படுகிறது, மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி வைத்துப் பரிசும் வழங்கப்படுகிறது. உபதேசத்தில் பிழையில்லை. ஆயின் அது யாரை நோக்கிச் சொல்லப்படுகிறது என்பதை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். கடைக்குச் செல்லும் தாயை நோக்கியும், பகலுணவைப் பார்சலாக வாங்கும் கூலித் தொழிலாளியை நோக்கியுமே விரல் நீட்டப்படுகிறது. பையை உற்பத்தி செய்து சந்தைக்கு அனுப்பியவனின் பக்கம் அவ்விரல் திரும்புவதேயில்லை.

பொலித்தீன் மண்ணில் முளைப்பதன்று. எண்ணெயிலிருந்தும் வாயுவிலிருந்தும் ஆலைகளில் இலாபத்துக்காக உற்பத்தியாவது. 1950ஆம் ஆண்டு முதல் 2015 வரை உலகில் உற்பத்தியான பிளாஸ்டிக் ஏறத்தாழ 8,300 மில்லியன் தொன் என விஞ்ஞானிகள் 2017இல் கணக்கிட்டனர். கழிவாகிய பகுதியில் மீள்சுழற்சிக்குச் சென்றது நூற்றுக்கு 9 பங்கே. எஞ்சியதில் பெரும்பகுதி மண்ணிலும் நீரிலும் கிடக்கிறது. அது உக்குவதில்லை, நொறுங்கிப் பொடியாவதே அதன் இயல்பு. ஆகவே, "திரட்டிக் கொடுத்தால் போதும்" என்பது மனத்தைத் தேற்றும் வார்த்தையேயன்றி மார்க்கமாகாது. உற்பத்தியைக் குறைத்தலே மார்க்கம்.

நாட்டில் சட்டங்கள் இல்லாமலில்லை. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிந்து ஏழைகளின் வீடுகளை மூடி, முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் லஞ்ச் சீட்டும் ரெஜிபோம் பெட்டியும் தடைசெய்யப்பட்டன. 2021 மார்ச் 31இல் 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமுக்கு மேற்படாத சிறு பக்கற்றுகள் தடைக்குள்ளாயின. உணவும் மருந்தும் விலக்குப் பெற்றன. 2023 ஒக்டோபர் 1இல் உறிஞ்சு குழாயும் கரண்டியும் இடியாப்பத் தட்டும் பட்டியலில் சேர்ந்தன. 2025 நவம்பர் 1 முதல் பொலித்தீன் பையை இலவசமாகக் கொடுத்தலும் ஆகாது என்றாயிற்று. பையின் விலையைக் கொடுப்பவர் யார்? வாங்குகிறவரே.

சிறு பக்கற்றின் கதையைச் சற்று ஆராய்வோம். நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு மாதச் சாமானை ஒருங்கே வாங்கும் வசதி ஏது? அன்றைய வருவாய்க்கு அன்றைய சாமான். இவ்வறுமையைக் கண்டுகொண்ட கம்பனி, அதனைப் போக்க முயலவில்லை. அதன் அளவுக்கேற்பப் பக்கற்றைச் சிறிதாக்கியது. போத்தல் வாங்க இயலாதவளுக்குப் பக்கற்றை விற்றுவிட்டு, குப்பை போடுகிறாள் என்று அவளையே ஏசுவது எவ்வகை நியாயம்? முன்னாளில் எண்ணெய்க்குப் போத்தல் கொண்டுபோனோம். சீனியும் பருப்பும் கடதாசிச் சரையில் வந்தன. அன்றும் ஏழை சிறிது சிறிதாகவே வாங்கினான். ஆயினும் குப்பைமலை எழவில்லை.

இக்குப்பையின் பாரத்தைச் சுமப்பவை வாயற்ற உயிர்களுமாம். நமது அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் 2022 ஜனவரியில் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. எட்டாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 20 யானைகள் அங்குப் பிளாஸ்டிக்கைத் தின்று மாண்டன என்பது அப்போது வெளிவந்த செய்தி. அதற்கு முந்திய ஆண்டில், எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்தபோது, அது ஏற்றிவந்த பிளாஸ்டிக் மணிகள் சுமார் 1,680 தொன். கடலுக்குப் போக முடியாமல் தவித்தவர்கள் மீனவர்கள்.

இனி நமது மருதமுனையைப் பார்ப்போம். இது தறியூர். இங்கு நெய்த சாரமும் சேலையும் நாடெங்கும் பெயர் பெற்றவை. 1977இல் திறந்த பொருளாதாரம் புகுந்தபின், இறக்குமதித் துணியோடு கைத்தறி போராட நேர்ந்தது. அத்துணியில் பெரும்பங்கு வகிக்கும் பொலியெஸ்டரும் தண்ணீர்ப் போத்தலும் ஒரே பொருளின் இரு வடிவங்கள். தறி தளர்ந்ததும் பிளாஸ்டிக் பெருகியதும் ஒரே சந்தையின் விளைவுகளேயாகும். துணி நெய்த ஊர் துணிப்பையை மறந்து பொலித்தீன் பையில் மீன் சுமக்கிறதெனில், அது வெறும் பழக்கத்தின் குற்றமன்று. துணிப்பைக்கும் பஞ்சும் நீரும் உழைப்பும் செலவாகும் என்பது மெய்யே. பத்து நாளில் எறிந்தால் அதனாலும் பயனில்லை. ஆண்டுக்கணக்கில் உழைக்குமாறு நெய்யத் தெரிந்த கைகள் இங்குண்டு.

மறுபுறம், "அமைப்பு மாறாதவரை வீட்டார் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று வாதிக்கும் நண்பர்களும் உளர். இது முற்போக்கு வேடமணிந்த சோம்பல். கல்யாணச் சஹனில் பொலித்தீன் தாளை விரிக்கும்படி எந்த முதலாளியும் நம் கையைப் பிடித்து வற்புறுத்தவில்லை. கழுவிய தட்டிலும் வாழையிலையிலும் உண்டால் யார் தடுப்பார்? மறுக்கக்கூடியதை மறுக்காதவன், கோரக்கூடியதைக் கோரும் துணிவையும் இழப்பான்.

நாம் கோருவன இவை. பலநோக்குக் கூட்டுறவுக் கடைகளில் எண்ணெய், பருப்பு, சவர்க்காரத் தூள் யாவும், கொண்டுவரும் பாத்திரத்தில் அளந்து விற்கப்படல் வேண்டும்; சிறிதளவு வாங்குவோருக்கும் அதே விலையே ஆதல் வேண்டும். பக்கற்றை விற்ற கம்பனி தன் செலவிலேயே அதனைத் திரும்பப் பெறுமாறு சட்டம் கட்டாயப்படுத்தல் வேண்டும். அரச நிறுவனங்களுக்கும் பாடசாலைகளுக்கும் வேண்டிய பைகளை நெசவாளரிடம் நியாய விலைக்கு வாங்குதல் வேண்டும்.

ஆசிரியராகிய நாமும் கட்டுரைப் போட்டியின் தலைப்பை மாற்றுவோம். ஒரு வாரம் வீட்டுக்கு வந்த உறைகளை மாணவர் சேர்த்துக்கொண்டு வரட்டும். அவற்றில் அச்சிட்ட கம்பனிப் பெயர்களை எண்ணிப் பட்டியலிடட்டும். இதனைச் செய்தவர் யார், இலாபம் பெற்றவர் யார், சுமப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் அவர்கள் விடை எழுதட்டும். அக்கட்டுரைகளைப் பரிசு கொடுத்துப் பெட்டியில் பூட்டிவிடாது, மாநகர சபைக்கும் கம்பனிகளுக்கும் அனுப்பி வைப்போம்.