கிலோ விலையும் மில்லிமீட்டர் கணக்கும்

இரும்பையும் பித்தளையையும் மட்டுமே கடைந்துவந்த லேத்துப் பட்டறைகளில் நைலானும் டெல்ரினும் டெஃப்லானும் குடியேறி வெகுகாலமாகிவிட்ட போதிலும், அவற்றின் எடையை மதிப்பிடும் வழக்கம் மட்டும் இன்னும் இரும்புக் காலத்திலேயே நின்றுகொண்டிருக்கிறது என்பது என் அபிப்பிராயம். உழவர்கரை நகராட்சி எல்லைக்குள் இருக்கும் தட்டாஞ்சாவடி, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளைப் போன்ற இடங்களில் அனுபவமுள்ள ஒரு டர்னரைக் கேட்டால், உருக்கு ராடின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்து, மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார். அதே விட்டமுள்ள நைலான் ராடு எத்தனை கிலோ வரும் என்றாலோ, கடையில் தராசில் வைத்தால் தெரிந்துவிடப் போகிறது என்பார்.

தராசில் வைக்கும் நேரத்தில் தெரிந்து பிரயோஜனமில்லை என்பதுதான் விஷயம். சரக்கு விற்பது கிலோவில், பட்டறை செலவழிப்பது மில்லிமீட்டரில். வாடிக்கையாளர் கொட்டேஷன் கேட்பதோ, சரக்கு வாங்குவதற்கு முன்னால். ஆகவே அளவிலிருந்து எடைக்குப் போகும் வழி கையில் இல்லாதவர், விலையைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிட்டு, லாபம் எங்கே போயிற்று என்று பிறகு தேடவேண்டியதுதான். அந்த வழி ஒன்றும் கடினமானதல்ல. 162 என்ற எண் உருக்கின் அடர்த்தியாகிய 7.85ஐத் தனக்குள் அடக்கிக்கொண்டிருப்பதால் உருக்குக்கு மட்டுமே செல்லும். அந்த அடர்த்தியை வெளியே எடுத்துவிட்டால் மிஞ்சுவது 1273. விட்டத்தின் வர்க்கத்தைப் பொருளின் அடர்த்தியால் பெருக்கி 1273ஆல் வகுத்தால், எந்த ராடாக இருந்தாலும் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று கிடைத்துவிடும். 50 மில்லிமீட்டர் உருக்கு ராடு மீட்டருக்கு ஏறக்குறைய பதினைந்தரைக் கிலோ, அடர்த்தி 1.15 உள்ள நைலான் 2.26 கிலோ, 1.41 உள்ள அசிட்டால், அதாவது கடைத்தெருவில் எல்லோரும் டெல்ரின் என்றே அழைப்பது, 2.77 கிலோ, டெஃப்லானோ நாலேகால் கிலோவைத் தொட்டுவிடும்.

ஷீட்டின் கணக்கு இதைவிடச் சுலபம். ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் கனமும் உள்ள ஷீட்டின் கன அளவு சரியாக ஒரு லிட்டர்; ஆகவே கனத்தை அடர்த்தியால் பெருக்கினால் அதுவே சதுர மீட்டருக்குக் கிலோ. ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் எடையே ஒரு கிராம் என்று பிரான்ஸ் தேசம் 1795இல் சட்டம் செய்ததன் சௌகரியம் இது. பலமும் வீசையும் மணங்கும் புழங்கிய நம் நாட்டில் 1956ஆம் ஆண்டு எடை அளவுச் சட்டத்தினால்தான் இந்தச் சௌகரியம் பொதுவாயிற்று.

இனி, கணக்கு சரியாக இருந்தும் தராசு வேறு சொல்லும் சந்தர்ப்பங்களைப் பார்க்கவேண்டும். நஷ்டம் ஒளிந்திருப்பது அங்கேதான். 50 என்று பெயர் சொல்லி விற்கப்படும் ராடை வெர்னியரால் அளந்தால் 51 இருக்கும், சில சமயம் 52 கூட இருக்கும். இது மோசடியல்ல, கடைந்து முடித்தபின் 50 நிற்கவேண்டுமானால் மூலச்சரக்கு சற்றுப் பருத்துத்தான் இருக்கவேண்டும். ஆனால் 52இன் வர்க்கம் 2704, 50இன் வர்க்கம் 2500. ஆக எட்டு சதவீதத்துக்கு மேல் எடை ஏறிவிடுகிறது. அந்த எட்டு சதவீதமும் சுருளாகக் கடைசல் தொட்டியில் விழுகிறது, அதற்குரிய பணம் மட்டும் முன்னதாகவே கடைக்குப் போய்விட்டிருக்கிறது. கடற்கரை ஊரில் நைலான் தண்ணீரையும் குடிக்கும். சாதாரண ஈரக்காற்றிலேயே இரண்டு மூன்று சதவீதம் ஏறும். கிலோ விலையில் அதுவும் அடக்கம்.

வேறொரு உபயோகமும் அடர்த்திக்கு உண்டு. வெள்ளை நைலானையும் வெள்ளை அசிட்டாலையும் கண்ணால் பிரித்தறிவது எல்லோருக்கும் கைவந்ததல்ல. அதற்காகப் பட்டறைகளில் ஒரு சுருளைக் கொளுத்தி முகர்ந்து பார்க்கும் வழக்கம் இருக்கிறது. நைலான் மயிர் கருகும் வாடை வீசும், அசிட்டால் கண்ணுக்கு அரிதான நீலச் சுவாலையோடு எரிந்து மூக்கை எரிக்கும். அப்படி மூக்கை எரிப்பது ஃபார்மால்டிஹைடு என்ற விஷவாயு என்பதை அறிந்தவர்கள் இந்தப் பரிசோதனையை இன்றே நிறுத்திவிடவேண்டும். சிறிய தராசும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதுமே! வெட்டிய துண்டை முதலில் காற்றில் நிறுத்து, பிறகு மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு நிறுத்தால், குறைந்த எடை எத்தனை கிராமோ அத்தனை கன சென்டிமீட்டர் அதன் கன அளவு. 141 கிராம் துண்டு நூறு கிராம் குறைந்தால் அது அசிட்டால் என்று கொள்ளலாம். ரம்பம் பட்ட முகத்தில் காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும் என்பதால், அவற்றைத் துடைத்துவிட்டு நிறுக்கவேண்டும். பாலிப்ரொப்பிலீன் என்று வாங்கியது மிதக்காமல் மூழ்கினால், அதில் சுண்ணாம்புத் தூளோ வேறு நிரப்புப் பொருளோ கலந்திருக்கிறது என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம். ஆனால் அடர்த்தி ஒன்றே பூரணமான பிரமாணமாகிவிடாது. நூற்றுக்கு முப்பது கண்ணாடி நார் சேர்ந்த நைலான் 1.36 வரை ஏறி அசிட்டாலை நெருங்கும், பி.வி.சி.யோ அதனோடு சேர்ந்தே நிற்கும்.

ஆகவே வியாபாரிகளிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பில்லில் ‘நைலான் ராடு, இத்தனை கிலோ’ என்று நிறுத்திவிடாமல், எந்த ரகம், வெர்னியர் காட்டிய விட்டம், நீளம், அடர்த்தி ஆகியவற்றையும் எழுதிக் கொடுக்கட்டும். இதற்கெல்லாம் நேரமேது என்பார்கள். ராடை ரம்பத்தில் வைப்பதற்கு முன் நீளத்தை எப்படியும் அளந்துதானே தீரவேண்டும். விட்டத்தையும் அப்போதே அளந்துவிட்டால் மேற்கொண்டு ஆவது அரை நிமிஷம்.