மூடியைத் திறக்காதீர்கள்!



டிசம்பர் வந்துவிட்டால் எங்கள் மணிமுத்தாறில் மழையும் குளிரும்தான். மாஞ்சோலை மலை மேகத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பேக்கரிக் கண்ணாடிக்குள் பிளம் கேக்குகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சென்ற டிசம்பரில் என் பேத்தி, "ஆச்சி, கேக் வாங்கித் தாங்க" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்குவானேன்? நாமே செய்வோம்" என்றேன்.

"அதுக்கு வெளிநாட்டுச் சாமானெல்லாம் வேணுமே!" என்றாள். அவளுக்கு ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

கேரளத்தின் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்பவர் பிஸ்கட் செய்து விற்று வந்தார். 1883-ல் மர்டாக் பிரவுன் என்ற தோட்ட முதலாளி, இங்கிலாந்திலிருந்து வந்த கேக் ஒன்றைக் கொடுத்து, "இதுபோல் செய்ய முடியுமா?" என்று கேட்டாராம். பாப்பு அதுவரை கேக் செய்ததே இல்லை. ஆனாலும், கொல்லரிடம் அச்சு செய்து வாங்கினார். மலபாரில் விளைந்த வாசனைப் பொருள்களைச் சேர்த்துச் செய்து கொடுத்தார். சாப்பிட்ட பிரவுன் மகிழ்ந்துபோய், இன்னும் ஒரு டஜன் கேட்டாராம்! ஏலமும் கிராம்பும் பட்டையும் நம் மண்ணில் விளையும் பொருள்கள்தானே?

நாங்களும் நம்மூர்ச் சாமான்களையே எடுத்தோம். ஒரு கப் உடன்குடிக் கருப்பட்டியை அரை கப் வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, ஆறவைத்தோம். அரை கப் தயிர், கால் கப்புக்குச் சற்று அதிகமாக எண்ணெய் சேர்த்தோம். ஒன்றரை கப் கோதுமை மாவு, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா மூன்றையும் சலித்துக் கலந்தோம். ஏலக்காய், கிராம்பு, பட்டை, சுக்குப் பொடி கொஞ்சம். முதல் நாள் இரவே ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்த பேரீச்சை, உலர் திராட்சை, முந்திரி ஒரு கைப்பிடி.

குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, விசிலும் கேஸ்கட்டும் இல்லாமல் பத்து நிமிடம் சூடாக்கினோம். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை ஊற்றி, உள்ளே வைத்து மூடினோம். சிறு தீயில் 45 நிமிடம் வேக வேண்டும்.

இருபதாவது நிமிடத்தில் மணம் வீட்டையே தூக்கியது. மூடியைத் திறந்து பார்த்தாயிற்று. பொங்கியிருந்த கேக் நடுவில் பள்ளமாக அமுங்கிப் போயிற்று! திறந்தது பேத்தி என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. நான்தான்! "பொறுங்க ஆச்சி" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் பாடம் நடத்திய ஆசிரியை நான்!

ஏன் அமுங்கியது? தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வாயு உண்டாகும். அந்தக் குமிழிகள்தான் மாவைத் தூக்குகின்றன. மாவு வெந்து இறுகுவதற்குள் திறந்தால் சூடு குறையும், குமிழிகள் சுருங்கும், தாங்க ஆளின்றி கேக் இறங்கிவிடும்.

மறுநாள் மறுபடி செய்தோம். 45 நிமிடம் கழித்தே திறந்தோம். ஈர்க்குச்சியைக் குத்தினால் ஒட்டாமல் வந்தது. நன்றாக ஆறிய பிறகு துண்டு போட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தாள் பேத்தி.

இன்னொரு செய்தி. கடைக் கேக்கில் பல்லிளிக்கும் சிவப்பு 'செர்ரி' பல நேரம் சாயமேற்றிய களாக்காய்! டூட்டி ஃப்ரூட்டி என்பது சர்க்கரைப் பாகில் ஊறிய பப்பாளிக்காய்! வீட்டில் செய்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதற்காக நிறையத் தின்னக் கூடாது. கருப்பட்டியும் இனிப்புதான். ஒரு துண்டு போதும். தின்றதும் வாயைக் கொப்பளியுங்கள்.

இந்த விடுமுறையில் நீங்களும் செய்து பாருங்கள். அடுப்பருகில் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். முதல் முறை அமுங்கினால் அழாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். மறுமுறை சரியாக வரும். கேக்குக்கு மட்டுமல்ல, கணக்குக்கும் இதுதான் வழி!

முக்கியமாக, உங்கள் வீட்டு ஆச்சியை மூடியைத் திறக்க விடாதீர்கள்!