கர்ப்பமா இருக்கிற பிள்ளைக்குத் தடுப்பூசி: தள்ளிப் போடுறதும் ஒரு முடிவுதான்



2021 தீபாவளிக்குச் சில நாள் முன்னாடி இதை எழுதினேன். எல்லாரும் பலகாரம், துணிமணின்னு ஓடிக்கிட்டு இருந்தீங்க. இருந்தாலும் இதை அப்பவே எழுதணும்னு தோணுச்சு. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. உங்க வீட்டுல கர்ப்பமா இருக்கிற பிள்ளை யாராவது இருந்தா அவளுக்கும் அனுப்புங்க. இது என் சொந்தக் கருத்து, கோயில் நிர்வாகத்தோட கருத்து இல்ல.

2021இல் வார இறுதியில கோயில் வாசல்ல நின்னு டிரேஸ்டுகெதர் டோக்கன் சரிபார்க்கிற தொண்டூழியம் எனக்கு இருந்துச்சு. அந்த ரெண்டு மூணு மாசமா என்கிட்ட அதிகமா வந்த கேள்வி பூசை நேரத்தைப் பத்தி இல்ல. "அக்கா, மருமக ஆறு மாசம். ஊசி போடலாமா, இல்ல பிள்ளை பிறந்த பிறகு போட்டுக்கலாமா?" கேட்டது பெரும்பாலும் மாமியார், இல்லைன்னா புருஷன். அந்தப் பிள்ளை அர்ச்சனைத் தட்டோட பின்னால பேசாம நிக்கும்.

நான் டாக்டர் இல்ல. உயர்நிலைப் பள்ளியோட படிப்பை முடிச்சிட்டு, தொழிற்சாலையில வேலைக்குச் சேர்ந்து சூப்பர்வைசரா ஆனவ. ஆனா படிச்சுப் பார்த்தேன், டாக்டர்கிட்ட கேட்டேன், என் வீட்டுலயே இந்தக் கேள்வி வந்துச்சு. அதனால என் கருத்தைச் சொல்றேன். போட்டுக்கிறது நல்லது. பிள்ளை பிறக்கட்டும்னு தள்ளிப் போடுறது பாதுகாப்பான நடுவழின்னு நிறைய பேரு நினைக்கிறோம். அது நடுவழி இல்ல. அதுவும் ஒரு முடிவு, அதுலயும் ஆபத்து இருக்கு.

முதல்ல ஒண்ணு. பயப்படுறவங்களை யாரும் முட்டாள்னு சொல்லாதீங்க. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கு. 1950களோட கடைசியில ஜெர்மனியில தாலிடோமைட்னு ஒரு மாத்திரை வந்துச்சு. மசக்கை வாந்திக்குக்கூட அதைக் கொடுத்தாங்க. பல நாடுகள்ல 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் உடல் குறையோட பிறந்தாங்க. 1961இல்தான் அதை ஜெர்மனியில விற்பனையில இருந்து எடுத்தாங்க. அதுக்கப்புறம் புது மருந்து எதுவா இருந்தாலும் கர்ப்பிணிகளை ஆய்வுல சேர்க்கவே டாக்டர்கள் யோசிப்பாங்க. கொவிட் தடுப்பூசியோட முதல் பெரிய ஆய்வுகள்லயும் அவங்களைச் சேர்க்கல. அதனாலதான் 2021 தொடக்கத்துல சிங்கப்பூர்லயும் கர்ப்பிணிகள் இப்போதைக்குப் போட வேண்டாம்னு சொன்னாங்க.

மே மாசக் கடைசியில அது மாறுச்சு. தடுப்பூசிக்கான நிபுணர் குழு, கர்ப்பிணிகளும் ஃபைசர், மொடர்னா ஊசியைப் போட்டுக்கலாம்னு சொல்லுச்சு. ஜூன்ல இருந்து பதிவு செய்ய விட்டாங்க. "பார்த்தீங்களா, முதல்ல வேண்டாம்னாங்க, இப்ப போடுங்கறாங்க, இவங்க பேச்சை எப்படி நம்புறது?"ன்னு ஒரு அண்ணன் என்கிட்டயே கேட்டாரு.

நான் அதை வேற மாதிரி பார்க்கிறேன். எங்க தொழிற்சாலையில புது மெஷின் வந்தா முதல் நாளே முழு வேகத்துல ஓட்ட மாட்டோம். மெதுவா ஓட்டி, கணக்கு எழுதி, தெரிஞ்ச பிறகுதான் வேகத்தைக் கூட்டுவோம். போன மாசம் ஒரு வேகம், இந்த மாசம் ஒரு வேகமான்னு யாரும் கேட்கிறதில்ல. இங்கயும் அதுதான் நடந்துச்சு. ஜனவரியில கையில கணக்கு இல்ல. அப்புறம் வந்துச்சு. அமெரிக்காவுல தடுப்பூசி போட்டுக்கிட்ட 35,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பத்தின விவரம் ஏப்ரல்ல வெளிவந்துச்சு. கவலைப்படுற மாதிரி எதுவும் தெரியலன்னு அதுல சொன்னாங்க. பிரிட்டன்ல ஏப்ரல் 16ஆம் தேதி கர்ப்பிணிகளுக்குப் போடச் சொன்னாங்க. இந்தியாவுல ஜூலை 2ஆம் தேதி அனுமதி கொடுத்தாங்க. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் ஆகஸ்ட் 11ஆம் தேதி, கர்ப்பிணிகள் போட்டுக்கிறது நல்லதுன்னு தெளிவா பரிந்துரை செஞ்சது. ஒவ்வொரு நாடும் தனித்தனியா பார்த்துட்டு அப்ப ஒரே இடத்துக்குத்தான் வந்துச்சு.

இப்ப தள்ளிப் போடுறதைப் பத்திப் பேசுவோம்.

2021 அக்டோபர் 27ஆம் தேதி சிங்கப்பூர்ல ஒரே நாளில் 5,324 பேருக்குத் தொற்று. அதுக்கு முந்தின வருஷம் கிருமி எங்கேயோ இருந்துச்சு. அப்ப நம்ம புளோக்குல, மின்தூக்கியில, பேரப்பிள்ளையோட பாலர் பள்ளியில இருந்துச்சு. கர்ப்பிணியை வீட்டுக்குள்ளயே வச்சாலும் மத்தவங்க வெளியே போய்ட்டுத்தானே வர்றோம்?

கர்ப்பிணிக்குக் கொவிட் வந்தா பெரும்பாலும் சரியாயிடும். அதை மறைக்க வேண்டாம். ஆனா மோசமாகிறதுக்கான வாய்ப்பு அதே வயசுல கர்ப்பம் இல்லாத பெண்ணைவிட அதிகம். வயிறு பெருசாக ஆக மூச்சு விட இடம் குறையும், இதயத்துக்கும் வேலை கூடும். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போற ஆபத்து இரண்டு மடங்கு, இறக்கிற ஆபத்து 70 விழுக்காடு கூடுதல்னு அமெரிக்க நிலையம் செப்டம்பர் கடைசியில சொல்லியிருக்கு. அதுவரைக்கும் அங்க 161 கர்ப்பிணிகள் கொவிட்டால இறந்திருக்காங்க. ஆகஸ்ட் மாசம் மட்டும் 22 பேர். குறைமாசத்துல பிள்ளை பிறக்கிறதும் கூடுது.

இங்கிலாந்துல இன்னும் பயங்கரம். நுரையீரல் செய்ய வேண்டிய வேலையை உடம்புக்கு வெளியே ஒரு மெஷின் செய்யுற அளவுக்கு மோசமான கொவிட் நோயாளிகள்ல, ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் ஐந்துல ஒருத்தர் தடுப்பூசி போடாத கர்ப்பிணி. இதை 2021 அக்டோபர்ல அந்த நாட்டுச் சுகாதாரச் சேவையே வெளியிட்டுச்சு. அவங்கள்ல எத்தனை பேரு "பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கலாம்"னு இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

பெல்ட் தேஞ்சு போன மெஷினை "இந்த ஆர்டர் முடியட்டும், அப்புறம் சர்வீஸ் பண்ணலாம்"னு ஓட்டுறவங்களைப் பார்த்திருக்கேன். நாம எதுவும் செய்யலியே, அதனால நம்ம மேல தப்பு வராதுன்னு ஒரு நினைப்பு. ஊசி போட்டு ஏதாவது ஆனா "நீதானே போடச் சொன்னே"ன்னு சொந்தக்காரங்க கேட்பாங்க. போடாம ஏதாவது ஆனா விதின்னு சொல்லிடலாம். நம்ம பயத்துல பாதி இந்தப் பேச்சுக்குத்தான். பழி யாருக்கு வரும்னு பார்த்து முடிவு எடுத்தா, வயித்துல சுமக்கிறவளோட உயிர் கணக்குல வராமப் போயிடும்.

அடுத்தது வாட்ஸ்அப்ல சுத்துற பயங்கள்.

"இது மரபணுவை மாத்திடும், பிள்ளைக்கும் போயிடும்." எங்க தொழிற்சாலையில ஒரு ஷிப்டுக்கு மட்டும் ஒரு வேலைத்தாள் ஒட்டுவோம். ஷிப்டு முடிஞ்சா கிழிச்சுப் போட்டுடுவோம். கம்பெனியோட மூல வரைபடம் அலுவலக அலமாரியில பூட்டியிருக்கும், அதை யாரும் தொட முடியாது. எம்ஆர்என்ஏ ஊசியும் அந்த வேலைத்தாள் மாதிரிதான். கிருமியோட மேல்பக்கம் இருக்கிற முள் எப்படி இருக்கும்னு உடம்புக்குக் காட்டிட்டு, சில நாள்ல சிதைஞ்சு போயிடும். மரபணு இருக்கிற உயிரணுக் கருவுக்குள்ள அது போறதே இல்ல. உயிருள்ள கிருமியும் அந்த ஊசியில கிடையாது.

"கரு கலைஞ்சிடும்." இதுதான் பெரிய பயம். கரு கலையறது ஊசி வர்றதுக்கு முன்னாடியும் நடந்த துக்கம்தான். தெரிஞ்ச கர்ப்பங்கள்லயே பத்துல ஒண்ணோ ரெண்டோ அப்படி ஆகுது. ஊசி போட்டவங்களுக்கு இது கூடுதலா நடக்குதான்னு அமெரிக்காவுலயும் நார்வேயிலயும் பார்த்து, செப்டம்பர், அக்டோபர்ல ஆய்வுகள் வந்திருக்கு. கூடலன்னுதான் ரெண்டும் சொல்லுது.

இன்னொரு நல்ல செய்தி. தாய் போட்டுக்கிட்ட ஊசியால உண்டாகிற எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி ரத்தத்துலயும் தாய்ப்பாலிலயும் இருக்கிறதைக் கண்டுபிடிச்சிருக்காங்க. பிறந்த குழந்தைக்கு ஊசி கிடையாது. அம்மா கொடுக்கிறதுதான் அதுக்குக் கிடைக்கிறது.

இப்ப என் வீட்டுக் கதை. என் மருமக கும்பகோணத்துப் பொண்ணு. ஜூன்ல அவளுக்கு மூணு மாசம். ஏப்ரல்ல இருந்து இந்தியாவுல இருந்து யாரும் வர முடியாம எல்லை மூடியிருந்துச்சு, அக்டோபர் கடைசியிலதான் திறந்துச்சு. அதனால சம்பந்தியம்மா வர முடியல. தினமும் போன்ல அழுவாங்க. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகைக்கு வேண்டிக்கிட்டு, "ஊசி மட்டும் வேண்டாம் தாயீ"ன்னு சொல்லுவாங்க. என் மகன் போடுன்னு சொன்னான். நான் ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணுதான் சொன்னேன். சுமக்கிறவ அவ, அவளே டாக்டர்கிட்ட கேட்கட்டும்.

அவ ஒரு தாள்ல கேள்விகளை எழுதிக்கிட்டுப் போனா. எனக்கு இறால் சாப்பிட்டா தடிப்பு வருமே, போடலாமா? எந்த மாசத்துல போடுறது நல்லது? காய்ச்சல் வந்தா பனடால் சாப்பிடலாமா? டாக்டர் ஒவ்வொண்ணுக்கும் உட்கார்ந்து பதில் சொன்னாங்க. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் யோசிச்சா. அப்புறம் அவளே அம்மாவுக்கு போன் போட்டு, "அம்மா, நான் போட்டுக்கப் போறேன். நீ வேண்டிக்கிறதை நிறுத்தாதே"ன்னு சொன்னா. அஞ்சாம் மாசத்துல ரெண்டு ஊசியும் முடிஞ்சது. கை வலி, ஒரு ராத்திரி காய்ச்சல், அவ்வளவுதான். ஏழாம் மாசம் வளைகாப்பு. ஒரு நாளைக்கு வீட்டுக்கு ரெண்டு விருந்தாளிதான் வரலாம்னு அப்ப விதி இருந்துச்சு, அதனால மத்தவங்க எல்லாம் ஸூம்ல பார்த்தாங்க. சம்பந்தியம்மா கும்பகோணத்துல இருந்து பாட்டுப் பாடினாங்க.

சில பேரு கேட்பாங்க, சாமி இருக்கும்போது ஊசி எதுக்குன்னு. நம்ம பாட்டிமாருங்க தோள்ல ஒரு தழும்பு இருக்கும், பார்த்திருப்பீங்க. அதுக்கு நம்ம ஆளுங்க வச்ச பேரே "அம்மை குத்துறது". பெரியம்மை ஒரு காலத்துல ஊரையே காலி பண்ணுச்சு. மாரியம்மாகிட்டதான் ஓடினோம். சவுத் பிரிட்ஜ் சாலையில 1827இல் தொடங்கின மாரியம்மன் கோயில்லயும் நம்ம முன்னோர் நோய் நொடி தீரத்தான் வேண்டிக்கிட்டாங்க. அதே ஆளுங்க தோளையும் காட்டினாங்க. 1980இல் பெரியம்மை உலகத்தை விட்டே போயிடுச்சுன்னு உலகச் சுகாதார நிறுவனம் அறிவிச்சது. அதுக்காக நாம கூழ் ஊத்துறதை நிறுத்திட்டோமா? அம்மனைக் கும்பிடுறதுக்கும் அம்மை குத்திக்கிறதுக்கும் நம்ம வழக்கத்துல சண்டை இருந்ததில்ல.

தேக்கா பக்கம் போனா கேகே மருத்துவமனையைத் தாண்டித்தான் போறோம். நான் பிறந்த 1966இல் அங்க 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸ் சாதனை ஆச்சு. அதுல நானும் ஒருத்தி. பிரசவத்தைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவங்க நம்ம ஊர்லயே இருக்கும்போது, யாரோ அனுப்பின குரல் பதிவைக் கேட்டு எதுக்கு முடிவு எடுக்கணும்?

கடைசியா, வீட்டுப் பெரியவங்களுக்குச் சில வார்த்தை.

அந்தப் பிள்ளையை அவளோட மகப்பேறு டாக்டர்கிட்டயோ பலதுறை மருந்தகத்துக்கோ அனுப்புங்க. கூடப் போங்க, ஆனா அவளைப் பேச விடுங்க. ஒவ்வாமை, ரத்த அழுத்தம், இனிப்புநீர் எல்லாத்தையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லச் சொல்லுங்க.

2022 ஜனவரியில இருந்து வேலையிடத்துக்குத் தடுப்பூசி வேணும்னு அப்ப அறிவிச்சாங்க. வேலை போயிடும்னு பயந்து மட்டும் ஒருத்தி ஊசி போடக்கூடாது. கர்ப்பிணி ஊழியர்களோட கவலையைத் தனியா கவனிக்கணும்னு அப்ப முதலாளிகளைக் கேட்டுக்கிட்டாங்க. உங்க சூப்பர்வைசர்கிட்டயும் மனிதவளப் பிரிவுலயும் தைரியமா பேசுங்க.

அவ யோசிக்கட்டும், ஆனா "அப்புறம் பார்க்கலாம்"னு நாளைக் கடத்த வேண்டாம். அவ முடிவு எடுக்கிற வரைக்கும், வீட்டுல ஊசி போடக்கூடிய மத்தவங்க எல்லாரும் முதல்ல போட்டுடுங்க. தாத்தா, பாட்டி, சித்தப்பா, எல்லாரும்தான். தாத்தா போடாம உட்கார்ந்துக்கிட்டு மருமகளை மட்டும் கேள்வி கேட்கிறது நியாயமில்ல.

கேட்டு, யோசிச்சு, வேண்டாம்னு அவ சொன்னா, அவளைத் திட்டாதீங்க. முகக்கவசம், கூட்டத்தைத் தவிர்க்கிறது, சளி காய்ச்சல்னா உடனே டாக்டர்னு பத்திரமா பார்த்துக்குங்க. ரெண்டு வாரம் கழிச்சு வேணும்னா மறுபடி கேட்கட்டும், கதவு திறந்துதான் இருக்கு. போட்ட பிறகு ஏதாவது துக்கம் நடந்தாலும், "ஊசியாலதான்"னு யாரும் வாசல்ல நின்னு தீர்ப்புச் சொல்லாதீங்க. அந்தச் சொல் அவளை வாழ்நாள் முழுக்கக் குத்தும்.

மருத்துவக் கேள்விகளை எனக்கு அனுப்பாதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. டாக்டர்கிட்ட தனியா போகத் தயக்கமா இருக்கு, தமிழ்ல பேச ஒரு துணை வேணும்னா எனக்கு எழுதுங்க. பொங்கோல், செங்காங் பக்கம்னா நானே கூட வர்றேன்.

எல்லாருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள். அம்மன் தாயையும் சேயையும் காப்பாத்தட்டும். ஓம் சக்தி.