பங்குனிக் குளத்தைப் பார்த்துவிட்டு ஏலம் விடுங்கள்

மதிப்பிற்குரிய திருநெல்வேலி மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்களுக்கு,

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரி தோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. மாணவர்களும் ஆர்வலர்களும் விடியும் முன்பே கரையேறிவிடுகிறார்கள். மாவட்டத்துக்குப் பெருமை சேர்க்கும் வேலை அது. ஆனால் குளத்தின் தலையெழுத்தை முடிவு செய்யும் மாதங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன. மாசியிலிருந்து சித்திரை வரை பறவை நோக்கர்களான நாங்கள் கரைகளில் பார்ப்பதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம், இ-பேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிந்தும் வைக்கிறோம். அந்தக் குறிப்புகளை நிர்வாகம் கேட்டு வாங்க வேண்டும் என்று கோரவே இந்த மடல்.

ஜனவரிக் குளம் வேறு, பங்குனிக் குளம் வேறு. தையில் வெள்ளை வயிற்றோடு பறந்த மீசை ஆலாவுக்குப் பங்குனி கடைசியில் வயிறு கருத்து, உச்சந்தலை மை பூசியதுபோல் ஆகிவிடும். புறப்படத் தயாராகிவிட்டது என்று அர்த்தம். சூறைக்குருவிகள் மாலையில் கூட்டம் கூட்டமாகச் சுழன்றுவிட்டு, சித்திரையில் ஒரு நாள் இல்லாமல் போகும். நெடுந்தூரம் போக வேண்டிய பறவைகள் இவை. கடைசி வாரங்களில் இங்கே கிடைக்கும் இரைதான் வழிச்செலவு.

போகிறவை இப்படி என்றால், இருக்கிறவற்றுக்கு இந்த மாதங்கள்தான் பிள்ளை வளர்க்கும் காலம். வடகிழக்குப் பருவமழையில் குளம் நிறைந்த பிறகே சங்குவளை நாரை கூடு கட்டுகிறது. அடைகாக்க ஒரு மாதம். குஞ்சு பறக்க இன்னும் இரண்டு மாதம். மாசியில் கட்டிய கூட்டில் சித்திரையிலும் குஞ்சு இருக்கும். உச்சி வெயிலில் தாய்ப்பறவை இறக்கையைப் பாதி விரித்துக் குடைபோல் நிற்கும். அடியில் குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். வெயில் நகர நகர, தாயும் திரும்பித் திரும்பி நிற்கும். ஒரு மணி நேரம் அதைப் பார்த்தவர் யாரும் அந்த மரத்தில் கோடரி விழச் சம்மதிக்க மாட்டார்.

அந்த மரம் பெரும்பாலும் நாட்டுக் கருவேலம். சமூகக் காடுகள் திட்டத்தில் குளத்துக்குள் நட்டது, முதிர்ந்ததும் ஏலம். தண்ணீர் வற்றினால்தான் வெட்ட வண்டி இறங்கும் என்பதால் வெட்டும் காலமும் குஞ்சுக் காலமும் ஒன்றாகிவிடுகின்றன. மீன்பாசிக் குத்தகையிலும் இதே சிக்கல்தான். மிச்ச மீனை அள்ள மடையைத் திறந்தோ மோட்டார் வைத்தோ அடித்தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். நாரை ஆழத்தில் மீன் பிடிக்காது. முழங்கால் தண்ணீரில் அலகைப் பாதி திறந்து துழாவி, தட்டுப்படுவதைக் கவ்வும். கடைசியில் தேங்கும் அந்தத் தண்ணீரே அதன் அடுப்படி. வற்றிய குளத்தில் எடுக்கும் வண்டல் மண் விவசாயிக்கு வேண்டும், அதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கூடு இல்லாத பக்கத்திலிருந்து மண்ணை வெட்டத் தொடங்கினால் போதும்.

இந்த மாவட்டத்து மக்களுக்குப் பறவையைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கூந்தன்குளம் 1994இல் சரணாலயம் ஆவதற்கு வெகு காலம் முன்பே ஊரார் பறவைகளைக் காத்தார்கள். தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர் அது. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டியை மாவட்டமே அறியும். கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் திருப்புடைமருதூரில் ஊர்மக்கள் முன்வந்ததால்தான் 2005இல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகம் அமைந்தது. கூந்தன்குளத்துக்குச் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதியும் கிடைத்துவிட்டது. எங்கள் கவலை பெயர் பலகை இல்லாத குளங்களைப் பற்றியது. பறவை எல்லைக்கல் பார்த்துக் கூடு கட்டுவதில்லை. ஓர் ஆண்டு ஒரு குளத்தில் தண்ணீர் குறைந்தால் அடுத்த ஊர்க் குளத்துக்குப் போய்விடும். அந்த ஆண்டு அது எங்கே போனது என்பது கரையில் நடக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

குளம் ஒரு துறையிடம், மரம் ஒரு துறையிடம், மீன் இன்னொரு துறையிடம் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வைக்கத் தங்களால்தான் முடியும். பொது நிலத்து மரங்களை வெட்டுவது பற்றி முடிவெடுக்கும் மாவட்டப் பசுமைக் குழுவுக்கும் தாங்களே தலைவர். ஆண்டுதோறும் மாசி பிறந்ததும் ஒரு கூட்டம் கூட்டுங்கள். எந்தக் குளத்தில், எந்த மூலையில், எத்தனை கூடு என்ற பட்டியலை நாங்கள் கொண்டு வருகிறோம். அந்தக் குளங்களில் மட்டும் மரம் வெட்டுவதைக் குஞ்சுகள் பறக்கும் வரை, ஆனி வரை, தள்ளிவையுங்கள். அடித்தண்ணீரை வடிக்கக் கூடாது என்று மீன் குத்தகை நிபந்தனையில் ஒரு வரி சேருங்கள். ஏற்கெனவே ஏலம் எடுத்தவர்களுக்குக் காலநீட்டிப்பு கொடுத்தால் அவர்களுக்கும் நட்டமில்லை.

இந்தப் பங்குனிக்கான பட்டியல் தயாராக இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் நேரில் தருகிறோம்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரைப் பறவை நோக்கர்களில் ஒருவர்